அம்மா போட்ட பூவுக்குப் பக்கத்தில் அரசியல் தைக்கலாமா?

தண்டையார்பேட்டை ஆரி:

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடுகிற பூவேலை, செய்கிறேன். பெரும்பாலும் கல்யாண பிளவுஸ்தான். மயில், யானை, மாங்காய், முதுகில் பல்லக்கு, கையில் பெண்ணும் மாப்பிள்ளையும் என்று பதினோரு வருடமாக இதே ஜரி, இதே பீட்ஸ். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டு வாடகையும் பையன் ஃபீஸும் அதில்தான் போகிறது. ஆனால் இரண்டு வருடமாக, ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஆரி ஃப்ரேமைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வளையத்தில் காடா துணியை மாட்டிக் கையூசியில் வேறு ஒன்று தைக்கிறேன். பெண்களைப் பற்றி மேடையிலும் சபையிலும் பேசுகிற பேச்சு, போடுகிற சட்டம், வெளிவருகிற கணக்கு, இதைத்தான் தைக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பூவேலையாக இருக்க வேண்டும், கிட்டே வந்து படித்தால் சுருக்கென்று குத்த வேண்டும்.

முதலில் தைத்தது நாற்காலிகள். 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்துக்கு வந்த 234 பேரில் பெண்கள் 12 பேர். கட்டை விரல் நகம் அளவில் 234 நாற்காலி, வரிசைக்கு 13 வீதம் 18 வரிசை. எல்லா நாற்காலிக்கும் சாம்பல் நூலில் ஓட்டுத் தையலில் கோடு மட்டும் போட்டேன், 12 நாற்காலிக்கு மட்டும் அரக்கு நிறப் பட்டு நூலில் நிரப்புத் தையல். முடித்துப் பார்த்தபோது அந்த 12 சேர்ந்து மேல் வரிசை ஒன்றைக்கூட முழுசாக நிரப்பவில்லை, ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக நின்றது. நான் அப்படித் திட்டம் போடவில்லை, எண்ணே அப்படி வந்து விழுந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது பஸ் டிக்கெட். மகளிர் கட்டணமில்லாப் பயணச்சீட்டை ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாக்கித் தைத்து, பூ வரிசை போட வேண்டிய பார்டரில் ‘ஓசி’ ‘ஓசி’ ‘ஓசி’ என்று சுற்றிலும் ஓட விட்டேன். 2022இல் ஒரு அமைச்சர் மேடையில் சொன்ன சொல் அது, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விடிகாலையில் மீன் கூடையோடும் டிபன் கேரியரோடும் அந்த பஸ்ஸில் நிற்கிற பெண்களைப் பார்த்துச் சொன்ன சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால், 1987இல், வண்ணாரப்பேட்டையில் தையல் லோயர் பரிட்சைக்குப் போன காலத்தில் போட்ட தலையணை உறைகள் நான்கு வீட்டில் இருக்கின்றன. வெள்ளை பாப்ளின். மூக்கோடு மூக்கு வைத்த இரண்டு பச்சைக் கிளி, நடுவில் ரோஜா, கீழே ஆங்கில எழுத்தில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. அம்மாவுக்கு அன்றைக்கும் ஆங்கிலம் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. டீச்சர் கொடுத்த ட்ரேசிங்கில் இருந்ததை ஒரு இழை பிசகாமல் போட்டிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று கல்யாணத்துக்கு அப்புறம் அப்பாதான் படித்துச் சொன்னாராம்.

எனக்கு அந்த உறையில், அந்தக் கிளிகளுக்குக் கீழேயே, என் வரிகளைத் தைக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. புதுத் துணியில் தைத்தால் அந்த வலு வராது. ஆனால் அம்மாவின் கைவேலை மேல் கை வைப்பது அவரை அவமதிப்பது ஆகாதா? இப்படி யாராவது செய்திருக்கிறார்களா? அப்புறம் எங்கள் பக்கத்துப் படிப்பகத்தில் மகளிர் தினத்துக்கு வைக்கலாம் என்று முதலில் சொன்னவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு “அரசியல் வேணாம்மா, பூ, பறவை இருந்தா கொண்டு வா” என்கிறார்கள். கேஸ் கீஸ் வருமா என்றும் வீட்டில் பயப்படுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கொத்தளம் வாசகி:

தோழி, ஒரு வரிசைகூட நிரம்பவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒரு தாளில் 13 கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணை வாயால் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார்கள். தைத்து வைத்தால் நின்று எண்ண வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்ட மாதிரியே ஒருவர் செய்திருக்கிறார். டயானா வேமர் என்ற துணிக் கலைஞர், 2018 ஜனவரியில். அன்றைய அமெரிக்க அதிபர் டிரம்ப் தன்னைப் பற்றித் தானே “மிக நிலையான மேதை” என்று ட்விட்டரில் போட்டுக்கொண்டதை எடுத்து, தன் பாட்டி முடிக்காமல் விட்டுப்போன பூவேலைத் துணி ஒன்றின் மேல் மஞ்சள் நூலில் அப்படியே தைத்தார். தன் கருத்து என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அப்புறம் ‘டைனி பிரிக்ஸ்’ என்று பெயர் வைத்து மற்றவர்களையும் கூப்பிட்டார். யார் யாரோ தங்கள் பாட்டியின் கைக்குட்டை, மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றிலும் அந்த அதிபரின் பேச்சைத் தைத்து அனுப்பி, ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. ஊசியின் சின்னச் சின்னக் குத்துகள் என்பது அந்தப் பெயரில் இருக்கிற பொருள். தமிழில் இதற்குப் பெயர் தேடவே வேண்டாம். ஊசியால் குத்துவதும் குத்தல்தான், வார்த்தையால் சுடுவதும் குத்தல்தான். உங்கள் வரிசைக்குக் ‘குத்தல்’ என்றே பெயர் வைக்கலாம் என்று தோன்றுகிறது.

அது ஏன் குத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். பேசினவர் ஒரு நொடியில் பேசிவிட்டுப் போகிறார். ஒருத்தி அதை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, ரோஜாப்பூவுக்குக் கொடுக்கிற அதே பொறுமையைக் கொடுத்துத் தைக்கிறாள். அவர் மறந்துவிட்டார், துணி மறக்கவில்லை. அதனால் தையல் கோணலாக இருக்கவே கூடாது. கோபத்தில் அவசரமாகத் தைத்தது மாதிரி இருந்தால் அது வெறும் திட்டு. அம்மா போட்ட அளவுக்குச் சுத்தமாக இருந்தால்தான் அது நையாண்டி.

ரோஸிகா பார்க்கர் என்ற கலை வரலாற்றாளர் 1984இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெண் பிள்ளை தலை குனிந்து, வாய் பேசாமல், ஒரே இடத்தில் உட்காரப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் ஐரோப்பாவில் பூத்தையல் சொல்லிக் கொடுத்தார்கள், அதே ஊசியைப் பெண்கள் எதிர்ப்புக்கும் எடுத்தார்கள் என்று காட்டுகிறார். லண்டன் ஹாலோவே சிறையில் 1912இல் வாக்குரிமை கேட்டு அடைபட்டிருந்த பெண்கள், ஒரு கைக்குட்டையில் தங்கள் கையெழுத்தை நூலில் போட்டிருக்கிறார்கள், 66 பேர். அந்தக் கைக்குட்டை இன்னும் இருக்கிறது. சிலியில் 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அப்புறம், காணாமல் போனவர்களின் தாயும் மனைவியும் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து நடந்ததைப் படமாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பெண்கள் தைக்கிற பொம்மைத் துணிதானே என்று ஆரம்பத்தில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

நம் பக்கத்திலும் இருக்கிறது. 1938 நவம்பர் 13, வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் பெண்கள் மாநாடு. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது அந்தப் பெண்கள்தான். மறுநாளே இந்தி எதிர்ப்பு மறியலுக்குப் போய்க் கைதானார்கள், தர்மாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எல்லாரும், சிலர் கைக்குழந்தையோடு. பட்டம் எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவர்கள் பேரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரியுமா? ஹாலோவே கைக்குட்டை மாதிரி ஒன்று இவர்களுக்கு நீங்கள் போட வேண்டும் என்பது என் ஆசை.

வலைக்காரி:

மேலே எழுதியிருக்கும் அக்கா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துப்போக மாட்டேன். பாட்டி பாதியில் விட்டுப்போன துணி வேறு. உங்கள் அம்மா உயிரோடு, பக்கத்து அறையில் இருக்கிறார், வேலையையும் முழுசாக முடித்து வைத்திருக்கிறார். இத்தனை பேரிடம் கேட்கிறீர்களே, அவரைக் கேட்டீர்களா? பெண்ணுக்குக் குரல் வேண்டும் என்று சொல்கிற துணியை ஒரு பெண்ணைக் கேட்காமல் எடுத்துத் தைத்தால் அது எப்படிச் சரியாகும். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையில் சொல்கிறேன்.

நான் காசிமேடு. எங்கள் தாத்தா வலை கிழிந்தால் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டை விரலில் வலையை மாட்டிக்கொண்டு, வலை ஊசியில் ஒவ்வொரு கண்ணாகக் கட்டுவார். துறைமுகத்துப் பக்கம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம், வரிசையாக ஆம்பிளைகள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். அதை யாரும் பொம்பளை வேலை என்று சொன்னது கிடையாது. ஜர்தோசி கார்கானாக்களிலும், அதாவது ஜரிகைப் பூவேலைப் பட்டறைகளிலும், ஃப்ரேமைச் சுற்றி உட்கார்ந்திருப்பது ஆண்கள்தான். கூலி கிடைக்கிற இடத்தில் ஊசி ஆம்பிளை கையில் இருக்கிறது. வீட்டுத் தலையணைக்கு வரும்போது அது ‘பொழுதுபோக்கு’ ஆகிவிடுகிறது. இதையும் யாராவது தைக்க வேண்டும்.

நான் தைத்தது ஒன்றைச் சொல்கிறேன். “முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும், சேதம் சேலைக்குத்தான்.” இந்தப் பழமொழியை எத்தனை தடவை கேட்டிருப்போம், வீட்டில், பஞ்சாயத்தில், சினிமாவில். எங்கள் வீட்டில் முள் என்றால் முதலில் ஞாபகம் வருவது மீன் முள். அதனால் என் அம்மாவின் பழைய நூல் சேலை முந்தானைத் துண்டு ஒன்றில், ஒரு பெரிய வஞ்சிர முள்ளை, தலையும் வாலும் நடுவில் எலும்பு மட்டுமாக, மீன்முள் தையலிலேயே போட்டேன். பழமொழியின் முதல் பாதியை மேலே தைத்தேன், ‘சேதம் சேலைக்குத்தான்’ என்ற பாதியைத் தைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கை, மீன் தின்னும்போது நாம் எடுப்போமே, அப்படி இரண்டு விரலால் முள்ளை உருவிப் போடுகிறது. சந்தையில் அம்மா கூடைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தேன். மீன் வாங்க வந்த பெண்கள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு எந்த மண்டபமும் வேண்டாம் என்று தோன்றியது. படிப்பகம் கொடுக்கவில்லை என்றால் விடுங்கள். துணி வைக்க மண்டபம் எதற்கு, கொடியில் காயப் போட்டாலே தெருவே பார்க்கும்.

இன்னொன்று. பழமொழியைத் தைக்கும்போது ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பொம்பளை சிரிச்சா போச்சு’ என்று நமக்குச் சொன்னது பெரும்பாலும் நம் ஆயாதான். சிரிப்பு ஆயா பக்கம் திரும்பிவிடக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவன் பக்கம்தான் ஊசி முனை இருக்க வேண்டும்.

தையல் டீச்சர், வியாசர்பாடி:

மகளே, முப்பத்தொரு வருடம் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உன் அம்மா மாதிரி எத்தனையோ பெண்களுக்குக் கிளி ட்ரேசிங் கொடுத்தவள். அந்தக் காலத்தில் நாங்களும் அது என்ன வார்த்தை, யாருக்கு என்று யோசிக்காமல்தான் கொடுத்தோம், அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அரசியலை மற்றவர்கள் சொல்லட்டும், துணியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அவசரப்பட்டால் உறை கிழிந்துவிடும்.

முதலில் சாயம் பார். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பழைய ரோஜாவின் சிவப்பு மேல் ஒரு நிமிடம் அழுத்தி வை. சிவப்பு ஒட்டினால் அந்த உறையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. பச்சையையும் இதே மாதிரி பார். மடித்து வைத்த இடத்தில் பாப்ளின் இற்றுப்போயிருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். அங்கே ஊசியே போடாதே.

ஆரி ஃப்ரேமில் ஏற்றாதே. நீ பிளவுஸ் துணியை இழுத்துக் கட்டுகிற இழுப்புக்கு இது தாங்காது. புது மல் துணி, அந்த மெல்லிய பருத்தித் துணியை, கஞ்சி போகத் துவைத்து, உறையின் அடியில் வைத்து நாலு பக்கமும் நடுவிலும் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுப் பிடி. அப்புறம்தான் வளையம், வளையத்துக்கும் ஒரு துணிப் பட்டை சுற்றிக்கொள். இனி தைக்கிற ஒவ்வொரு தையலும் இரண்டு துணியையும் சேர்த்துப் பிடிக்கும், பாரத்தைப் புதுத் துணி வாங்கிக்கொள்ளும்.

எழுத்தைத் துணியில் ஏற்றுவதற்கு, ட்ரேசிங் பேப்பரில் ஊசியால் ஓட்டை போட்டு மண்ணெண்ணெயில் நீலம் கலந்து தேய்ப்பாய் அல்லவா, அது இங்கே வேண்டவே வேண்டாம், கறை நிற்கும். கார்பனும் வேண்டாம். மெல்லிய டிஷ்யூ பேப்பரில் எழுதித் துணி மேல் வைத்து, பேப்பரோடு சேர்த்தே தைத்துவிட்டு, முடிந்ததும் பேப்பரை மெதுவாகக் கிழித்து எடு.

தமிழ் எழுத்து தைப்பது தனி வித்தை. ஆங்கில எழுத்து நேர்கோடு, நம் எழுத்து எல்லாம் சுழி. ஆறு இழையில் இரண்டு இழை மட்டும் பிரித்தெடு. காம்புத் தையல் போடு, வளைவு வரும் இடத்தில் தையலை அரிசியில் பாதி அளவுக்குச் சின்னதாக்கு, இல்லாவிட்டால் ‘ழ’ உடைந்து ‘மு’ மாதிரி நிற்கும். சங்கிலித் தையல் அழகுதான், ஆனால் தடிமன் அதிகம், ‘ஞ’வின் வயிறு அடைத்துவிடும். பெரிய எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள். புள்ளிக்கு முடிச்சுத் தையல், ஊசியில் இரண்டு சுற்று போதும். பழைய துணியில் முடிச்சு உருவிக்கொண்டு பின்னால் போய்விடும், அதற்கும் அந்த மல் துணிதான் காப்பு. புள்ளி விட்டுப் போனால் எத்தனை பெரிய அரசியலும் எழுத்துப் பிழையாகிவிடும், பார்த்துக்கொள்.

அம்மாவின் தையல் எதையும் வெட்டாதே, அதன் மேலேயும் ஏறாதே. இடைவெளியில் தை. பரிட்சையில் நாங்கள் துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் மார்க் போடுவோம், முன் பக்கம் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். உன் அம்மா போட்டதைத் திருப்பிப் பார், உனக்கே தெரியும் அவர் எப்பேர்ப்பட்ட கைக்காரி என்று. கண்ணாடிச் சட்டம் போட்டு அடைக்காமல், பின் பக்கமும் தெரிகிற மாதிரி கட்டித் தொங்கவிடு.

துணிக்கடை சேல்ஸ்:

இந்த மாதிரி விஷயம் எனக்கு ரொம்பத் தெரியாது. எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் ஏழு வருடமாகச் சேலை எடுத்துப் போடுகிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை. 2021இல் நம் சட்டமன்றத்தில் கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அதற்கு முன்னால் 2018இல் கேரளாவில் வந்தது. எங்கள் கடையில் ஸ்டூல் வந்தது. மூன்று ஸ்டூல். சேலைக் கட்டு வைக்க வசதியாக இருக்கிறது என்று அதன் மேல் கட்டை அடுக்கிவிட்டார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. பண்டிகை சமயத்தில் கால் வீங்கி மெட்டி இறுகிப் போகும்.

நீங்கள் நாற்காலி தைத்தீர்கள் என்று படித்ததும் கேட்கத் தோன்றியது. ஒரு ஸ்டூலும் தைப்பீர்களா? நல்ல பட்டுச் சேலை பார்டர் மாதிரி, அன்னப்பட்சிக்குப் பதில் வரிசையாக ஸ்டூல். அதன் மேல் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் எங்கள் கடையில் மீதமாகும் ஃபால்ஸ் துணி கொண்டு வந்து தருகிறேன்.

பாரிமுனை வக்கீல்:

சட்டக் கேள்விக்குச் சுருக்கமாக. அவதூறு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 தான் அங்கே வந்திருக்கிறது. பொது ஊழியர் தன் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அதில் விதிவிலக்கு. ஆகவே பொது மேடையில் சொன்னதை, சொன்னபடியே, தேதியோடு தையுங்கள். வீடியோவோ பத்திரிகைக் கட்டிங்கோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். வேறு மொழியில் பேசியதைத் தமிழில் தைத்தால் அது உங்கள் மொழிபெயர்ப்பு என்பதைத் துணியிலேயே ஒரு ஓரத்தில் போடுங்கள். தெருக்காரர், சொந்தக்காரர் போன்ற தனிப்பட்டவர்கள் பேரைத் தொடாதீர்கள். கேஸே வராது என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது, வந்தால் நிற்பதற்கு இது பலம். படிப்பகம் இடம் கொடுக்க மறுப்பது அவர்கள் இஷ்டம், அதில் சட்டம் ஒன்றும் செய்யாது.

நீங்கள் தைப்பதற்கென்றே ஒன்று சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண் ‘உழைக்காதவர்’ பட்டியலில்தான் வருகிறார். 2001 கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்பவர்கள், சிறைக் கைதிகளோடு ஒரே வகையில் சேர்த்திருந்ததை 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2023 ஜூனில் நம் உயர் நீதிமன்றம், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு வந்த கட்டடம் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

தண்டையார்பேட்டை ஆரி:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாள் எழுத முடியவில்லை, முகூர்த்த பிளவுஸ் மூன்று இருந்தது.

வலைக்காரி, நீங்கள் சொன்னது சுட்டது, சரியாகவும் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே உறையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். டீச்சரம்மா சொன்ன மாதிரி முதலில் திருப்பிப் பார்த்தேன். ஒரு முடிச்சு கிடையாது, நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவவே இல்லை, ஒவ்வொன்றும் தையலுக்கு அடியில் சொருகி முடிக்கப்பட்டிருக்கிறது. முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாகத் திருப்பிப் பார்க்கிறேன். கிளியின் கழுத்து வளையத்துக்கு மட்டும் மூன்று சிவப்பு. “ஒரே சிவப்பு போட்டா உயிர் இருக்காது, அதுக்காக மூணு கண்டு வாங்க நடந்தே போனேன்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொல்லாத கதை.

என்ன தைக்கப்போகிறேன் என்று எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஓசி வசனம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் சார் எழுதினதைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உழைக்காதவரா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள், பள்ளிக்கூடத்து ஃபாரம் நிரப்பும்போது, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது, எல்லாரும் அம்மா என்ன பண்றாங்க என்று அப்பாவைத்தான் கேட்பார்களாம், அப்பா “வீட்ல சும்மாதான் இருக்கா” என்பாராம். அப்பா கெட்டவர் இல்லை. ஊரே அப்படித்தான் சொன்னது, நானும் ஸ்கூலில் அப்படித்தான் சொன்னேன்.

“அந்தக் கிளியைத் தொடாதே. அந்த இங்கிலீஷையும் பிரிக்காதே, எவ்ளோ கஷ்டப்பட்டுப் போட்டது. அதுக்குக் கீழ ‘சும்மா’ன்னு போடு. எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல போடு” என்றார். வேறு எதுவும் வேண்டாமாம், அந்த ஒரு சொல்தான்.

அமைச்சர் வசனத்துக்குப் புதுத் துணி எடுத்துக்கொள்கிறேன். நான்கு உறையும் இப்போது அம்மாவுடையது. சிவப்பு இறங்குகிறது டீச்சரம்மா, பச்சை நிற்கிறது. மல் துணி துவைத்துக் காய வைத்திருக்கிறேன். துணிக்கடை அக்கா, ஃபால்ஸ் துணியை எப்போது வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், ஸ்டூல் பார்டருக்கு அளவு போட்டுவிட்டேன். படிப்பகத்துக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன், பூவும் பறவையும் உள்ள துணி ஒன்று தயாராகிறது என்று. படித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்.

எழுத்து இரண்டு அங்குல உயரம், அதனால் அம்மா சங்கிலித் தையல்தான் வேண்டும் என்கிறார். நேற்று மத்தியானம் வெளிச்சம் இருக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ‘சு’வின் சுழியைத் தானே ஆரம்பித்துவிட்டார். புள்ளிக்கு மட்டும் கண் சரியாகத் தெரியவில்லையாம். அந்த ஒரு முடிச்சை நான் போட வேண்டும்.